தம்பிக்காக அப்பா விட்டுக்கொடுத்த மரியாதை

அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. நாசரேத்தில் பிறந்தவர், கிரோம்பேட்டையில் கணக்கு ஆசிரியர், ஞாயிறு ஆராதனைக்கு ஒருநாளும் தாமதிக்காதவர் என்று அவரை நீங்கள் அறிவீர்கள். அவர் ஃப்ரீமேசன் என்ற உலகளாவிய சகோதரச் சங்கத்தில் உறுப்பினராகவும் இருந்ததை அரசல்புரசலாகத்தான் கேட்டிருப்பீர்கள். தாத்தா சீக்கிரமே காலமாகிவிட, தன் தம்பியைத் தாம்பரத்துக்கு அழைத்துவந்து, டியூஷன் எடுத்துப் படிக்கவைத்தவர் அப்பா. பட்ட கஷ்டத்தை அவர் சொல்லிக்காட்டியதே இல்லை.

மாதம் ஒருமுறை கறுப்பு கோட்டும் சின்னப் பெட்டியுமாக அப்பா லாட்ஜுக்குக் கிளம்பினால், பக்கத்து வீட்டு ஆன்ட்டி அம்மாவிடம் கவலையோடு விசாரிப்பார். லாட்ஜ் என்பது மேசன்களின் சங்கம் என்று விளக்கியே அம்மாவுக்கு அலுத்துப்போனது. பெட்டிக்குள் இருந்தது சடங்கின்போது இடுப்பில் கட்டும் ஏப்ரன். சங்கத்தில் படிகள் என்று சொல்லப்படும் நிலைகளில், முதல் மூன்றோடு நிற்காமல் மேற்படிகளுக்கும் போனவர் அப்பா. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்பா படிக்கவைத்த அந்தத் தம்பி, எங்கள் பொழிச்சலூர் சித்தப்பாவும் மேசன் ஆனார். ஆனால் அவர் சேர்ந்தது பெண்களையும் சேர்த்துக்கொள்ளும் வேறொரு சங்கம். சித்தியும் அதில் உறுப்பினர். அப்பாவின் சங்கம் அதை அங்கீகரிக்கவில்லை. அப்படிப்பட்டவர்களோடு ஒரே சடங்கில் நிற்கக் கூடாது, சங்க விஷயம் பேசவும் கூடாது என்பது விதி. விதியென்றால் அப்பாவுக்கு விதிதான். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் பிரியாணியின்போது அரசியல் முதல் மூட்டுவலி வரை அலசப்படும். மேசன் பேச்சு மட்டும் வராது. ஒருமுறை சித்தப்பா தாங்காமல், "எங்க வழியில தொண்ணூத்தஞ்சு படி அண்ணா!" என்று ஆரம்பித்தார்.

"அதுக்குப் பரங்கிமலையே ஏறிடலாமேடா. பிரியாணி ஆறுது, சாப்பிடு."

கடைசி மாதங்களில், தன் நல்லடக்கத்தைப் பற்றிப் பேச அப்பாவே சங்கச் செயலாளரைச் சேலையூர் வீட்டுக்கு அழைத்தார். சவப்பெட்டிமேல் ஏப்ரன் வைத்து, மேசன்கள் சுற்றி நின்று வழியனுப்புவதாக ஏற்பாடு. செயலாளர் கிளம்பிப் போனதும், அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த சித்தப்பா மெதுவாகக் கேட்டார்: "அப்போ நான் எங்க நிக்கறது அண்ணா?"

அப்பா கஞ்சி போதுமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மறுநாள் காலையில் அவரே செயலாளரை மறுபடி வரச்சொன்னார்.

"சடங்கு வேணாம் சார். எல்லாரும் சும்மா வெள்ளைச் சட்டையில வாங்க, போதும்."

"உங்க படிக்கு உரிய மரியாதை சார் அது."

"என் தம்பி வெளியில நிக்கற மரியாதை எனக்கெதுக்கு சார்?"

வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், ஜெபித்த போதகருக்கும், சாப்பாடு கொடுத்தனுப்பிய அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி. தங்கள் வழக்கத்தை விட்டுக்கொடுத்து வெள்ளைச் சட்டையில் வந்த அப்பாவின் சங்கத்தாருக்கும், அதேபோல வந்த சித்தப்பாவின் சங்கத்தாருக்கும் தனி நன்றி. யார் எந்தச் சங்கம் என்று எங்களுக்கே தெரியவில்லை. பெட்டியின் தலைமாட்டைத் தூக்கியவர் சித்தப்பா. கல்லறைத் தோட்டம் வரை தோள் மாற்ற அவர் சம்மதிக்கவே இல்லை.