ரெக்கார்டைக் காப்பாற்றிய இன்ஜினீயர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் யாரும் தும்மக்கூடாது என்று உத்தரவு.

ஃபேனை நிறுத்தியாகிவிட்டது. ஜன்னலை மூடியாகிவிட்டது. ஹைதராபாத் கொண்டாப்பூரில், மே மாதத்தில்... நினைத்துப் பாருங்கள். மிக்ஸி போட்டால் வைப்ரேஷன் வருமாம், அதனால் அன்றைக்குத் தேங்காய் அரைக்காத குழம்பு. எட்டிப் பார்த்த பக்கத்து ஃப்ளாட் அம்மாள் யாருக்கோ சீரியஸ் என்று நினைத்து, வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போய்விட்டார்.

யாருக்கும் சீரியஸ் இல்லை. என் கணவர் டேனியல் ரெக்கார்ட் பிளேயருக்குப் புது கார்ட்ரிட்ஜ் மாட்டிக்கொண்டிருந்தார்.

ரெக்கார்ட் மேல் ஒரு முள் ஓடும் அல்லவா, அந்த முள்ளைத் தாங்குகிற சின்னப் பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. கூடவே ஃபோனோ ப்ரீஆம்ப் என்று இன்னொரு டப்பா. முள்ளிலிருந்து வருகிற சத்தம் ரொம்பச் சன்னமாம். அதைத் தூக்கிவிட்டு ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது இந்த டப்பாவின் வேலை. இரண்டும், ஆன்சைட் வேலையாக வெளிநாடு போய்த் திரும்பிய நண்பர் ஒருவரின் பெட்டியில், அவருடைய பனியன்களுக்கு நடுவே சொகுசாக வந்து இறங்கின.

இந்த ஊர் ஐ.டி.காரர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? ஃப்ளாட் வாங்கியாயிற்று, கார் வாங்கியாயிற்று. அடுத்தது என்ன? சிலர் மாரத்தான் ஓடுகிறார்கள். சிலர் பெரிய கேமராவோடு குருவி பார்க்கப் போகிறார்கள். எங்கள் வீட்டில் பழைய ரெக்கார்ட் பிளேயர். ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பில் ரிட்டயராகிக் கிளம்பிய ஒரு குடும்பத்திடம் வாங்கி வந்தது. நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது. அதுதான் வினை. நன்றாக ஓடுகிற எதையும் இவர்கள் சும்மா விட்டதாகச் சரித்திரம் உண்டா? அப்கிரேட் பண்ணியாக வேண்டும்.

அவர் பொம்மை, அவர் விளையாட்டு என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் இந்த முறை அதில் என் அக்கா மாட்டிக்கொண்டாள்.

எஸ்தர் அக்கா இருப்பது பாளையங்கோட்டையில். கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் அவள்தான் முதல் குரல். சபை விழாவுக்காக அந்தக் குழுவை வைத்து ஒரு ரெக்கார்ட் போட்டார்கள். அதில் ஒரு பாட்டில் இரண்டு சரணம் அக்கா தனியாகப் பாடியிருக்கிறாள். வெளிவந்தபோது குருவானவர் வீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை கேட்டோம். எங்கள் வீட்டில் பிளேயர் கிடையாது. அப்புறம் கல்யாணம், குழந்தைகள், ஸ்கூல் வேலை... யார் தேடினார்கள்?

போன வருஷம் அக்காவுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. குரல் போய்விட்டது. இப்போது அவள் பேசுவது காதருகே வந்தால்தான் கேட்கும். பாட்டெல்லாம் இனிமேல் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் அவள் அந்த ரெக்கார்டைத் தேட ஆரம்பித்தாள். கடைசியில் மதுரையில் எங்கள் சித்தி வீட்டுப் பரணில் ஒன்று கிடைத்தது. அதைப் புடவைக்குள் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு ஹைதராபாத் வந்தாள்.

"ஏட்டி, உங்க வீட்டுல பிளேயர் இருக்குல்லா? ஒரு தடவ கேட்டுட்டுப் போயிருதேன்" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

வந்த அன்றைக்கே போட்டிருக்கலாம். பழைய முள் அப்போது இருந்தது. ஆனால் டேனியல் ரெக்கார்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"மதினி, இது ரொம்ப ரேர் பீஸ். இந்தப் பழைய முள்ளப் போட்டா உழுதுரும். புது கார்ட்ரிட்ஜ் வந்துட்டு இருக்கு. கொஞ்சம் பொறுங்க."

சொன்ன கையோடு பழைய கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டார். மறுபடி மாட்ட ஆசை வந்துவிடக் கூடாது பாருங்கள்.

அக்கா பொறுத்தாள். கார்ட்ரிட்ஜ் வந்தது. உடனே மாட்டினாரா? முள்ளின் எடையை நிறுக்க ஒரு குட்டித் தராசு வேண்டுமாம். அது வர ஒரு வாரம். தராசு வந்தபின் இன்டர்நெட்டில் இரண்டு கட்சிகள் சண்டை போட்டுக்கொண்டன. எந்தக் கோணத்தில் வைப்பது என்று வெள்ளைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்க, இவர் தினமும் ஆபீஸிலிருந்து வந்து அதையெல்லாம் படித்தார். பைபிளை அந்த சிரத்தையோடு படித்து நான் பார்த்ததில்லை. அக்கா ரெக்கார்டின் உறையைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

இப்படியாக அவள் ஊருக்குக் கிளம்பும் நாளே வந்துவிட்டது. ஞாயிறு சாயங்காலம் ரயில். நாம்பள்ளி ஸ்டேஷன் போய்ச் சேரவே ஒரு யுகம் ஆகும் என்று டாக்ஸியை முன்கூட்டியே வரச் சொல்லியிருந்தோம்.

அன்றைக்குத்தான் டீம் கூடியது. டேனியலின் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர். ஸ்ரீகாந்த், குண்டூர்க்காரர். மொயின் பாய், பழைய ஹைதராபாத்காரர். ஒரு ரேர் ரெக்கார்ட் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் பக்தியோடு வந்து சேர்ந்தார்கள்.

மயிரிழை போல நாலு கலரில் நாலு வயர்கள். அவற்றைப் புருவம் திருத்துகிற என்னுடைய ட்வீசரால் பிடித்துச் செருகினார்கள். கேட்டார்களா என்னை? இல்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். தராசில் நிறுத்தார்கள். ஒருத்தர் டார்ச் அடிக்க, ஒருத்தர் லென்ஸ் பிடிக்க, ஒருத்தர் ஸ்க்ரூவைத் திருகினார். நான் மெதுவாக ஃபேன் சுவிட்ச் பக்கம் போனேன்.

"ஃபேன் நக்கோ பாபி" என்றார் மொயின் பாய், தலையைத் தூக்காமலே. "கைக்கு டென்ஷன் லேரே? ஹோ ஜாதா."

ஃபேன் வேண்டாம் அண்ணி, டென்ஷன் எதற்கு, ஆகிவிடும் என்கிறார். ஆகிவிடும்தான். ரயில் போனபிறகு ஆகி என்ன பிரயோஜனம்?

கடைசியில் ஒருவழியாக மாட்டி, டெஸ்டுக்கு டேனியலுடைய ஆர்கெஸ்ட்ரா ரெக்கார்ட் ஒன்றைப் போட்டார்கள். ஸ்பீக்கரிலிருந்து வந்த சத்தம், காலித் தண்ணீர் லாரிக்குள் யாரோ கட்டிலை இழுப்பது போல இருந்தது. ஒரே இரைச்சல், ஒரே உறுமல்.

உடனே ஆரம்பித்தது மீட்டிங். கார்ட்ரிட்ஜை மாட்டியது டேனியல். அதனால் கோளாறு ப்ரீஆம்பில் என்றார். ப்ரீஆம்பைச் சிபாரிசு செய்தது ஸ்ரீகாந்த். "திஸ் இஸ் எர்த்திங் இஷ்யூ" என்றார். மொயின் பாய் இரண்டுக்கும் பொதுவாக, ஃப்ளாட் கட்டிய பில்டரைத் திட்டினார். ஸ்பீக்கர் ஃபோனில் நியூஜெர்சி நண்பர் ஒருவரும் சேர்ந்துகொண்டு, இந்தியக் கரண்டே அப்படித்தான் என்று தீர்ப்புச் சொன்னார். ஆபீஸில் தினமும் இதுதான் நடக்கிறது போல. எல்லோரும் அடுத்தவர் பக்கத்தை அக்குவேறு ஆணிவேறாக அலசுகிறார்கள். தன் பக்கத்தைப் பார்க்க ஆள் கிடையாது.

கீழே டாக்ஸி வந்து ஹாரன் அடித்தது.

அக்கா ரெக்கார்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "பரவால்லட்டி. அவுக பாவம், காலைலேருந்து மெனக்கெடுதாங்க. இன்னொரு தடவ வரும்போ கேட்டுக்கிடலாம்" என்று என் காதில் சொன்னாள். எனக்கு வந்ததே கோபம். இன்னொரு தடவை எப்போது? அந்த மனுஷி வாயைத் திறந்து ஒன்று கேட்டதே அபூர்வம்.

நேராகப் போய் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பினேன். மூன்று பேரும் பதறினார்கள். பதறட்டும்.

"இந்த டப்பா எதுக்கு?"

"ஜெனி, அது ப்ரீஆம்ப். முள்ளு சத்தத்தைப் பெருசாக்கும்."

"அப்ப இந்த ஓட்டைல ஏன் ஃபோனோன்னு எழுதிருக்கு? இதுக்குள்ளயும் அதே சாமான் இருக்கா?"

மூன்று பேரும் குனிந்து ஆம்ப்ளிஃபயரின் முதுகைப் பார்த்தார்கள்.

இருந்திருக்கிறது. பழைய ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப் உண்டு. இத்தனை நாள் பிளேயர் அதில்தான் ஓடியது. இப்போது வெளியே இன்னொன்றை வாங்கி, அதன் வயரையும் அதே ஓட்டையில் செருகிவிட்டார்கள். உப்புப் போட்ட குழம்பில் மறுபடியும் உப்பு. முள்ளின் எடையைப் புள்ளி சுத்தமாக நிறுத்த மூன்று இன்ஜினீயர்களில், வயர் எங்கே போகிறது என்று பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வயரைப் பிடுங்கி, பக்கத்தில் ஆக்ஸ் என்று எழுதியிருந்த சாதா ஓட்டையில் செருகினேன். ஆர்கெஸ்ட்ரா தெளிவாகக் கேட்டது.

"ரூட் காஸ்" என்று மொயின் பாய் மெதுவாக முனகினார். கோளாறின் மூலகாரணத்துக்கு ஆபீஸ் பாஷை.

அக்காவின் பையிலிருந்து ரெக்கார்டை எடுத்துக் கொடுத்தேன். குழுப் பாட்டு ஒன்று முடிந்தது. அடுத்தது ஆர்மோனியத்தோடு தொடங்கியது. பிறகு தனிக் குரல். கணீரென்று, கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. முதல் சரணத்தில் பாதி போயிருக்கும். டேனியல் எட்டி முள்ளைத் தூக்கிவிட்டார்.

"'ஸ' வர்ற இடமெல்லாம் சீறுது. வெயிட்ட ஒரு பாயின்ட் கூட்டுனா..."

"டேனி, கைய எடுங்க."

அக்காதான். அந்தக் காற்றுக் குரல்தான். சுவர் ஓரத்தில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டது. அவ்வளவு முக்கிப் பேசக்கூடாது அவள். டேனியல் முள்ளை மறுபடி அந்தப் பாட்டின் ஆரம்பத்தில் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இரண்டு சரணமும் ஓடியது. அக்கா தரையில் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. நான் அழுதேன், அதை எழுத எனக்கு வெட்கமில்லை. டாக்ஸிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும் என்று இருந்துவிட்டோம்.

பாட்டு முடிந்ததும் ஸ்ரீகாந்துக்குத் தாங்கவில்லை.

"சூப்பர் அக்கா. வோக்கல் எக்தம் க்ளியர். சிங்கர் எவரு?"

டேனியல் அவர்களிடம் ரெக்கார்டின் வயது, அரிய தன்மை, பள்ளத்தின் ஆழம் வரைக்கும் சொல்லியிருக்கிறார். பாடியது யார் என்று சொல்லவில்லை. அவர்களும் அதுவரை கேட்கவில்லை.

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. சிரித்துக்கொண்டே கழுத்துத் தழும்பின் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

அதற்குப் பிறகு அந்த ஹாலில் சவுண்ட் குவாலிட்டி பற்றி யாரும் பேசவில்லை. ஆடியோ உலகத்தில் இது ஒரு சாதனை.