நிஸ்தார் கொண்டுவந்து வைத்த மீன்தொட்டி

அஸர் தொழுதுவிட்டு வந்து மீன்தொட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிஸ்தாரின் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தாள். "பெரியவாப்பா" என்றாள். வாப்பா போய்விட்டார் என்று அழுதாள். இன்னா லில்லாஹி என்று வாய் சொல்லிவிட்டது. மனம் மட்டும் நம்ப மறுத்தது. காலையில்தான் நெஞ்சில் ஏதோ அடைக்கிறது என்று, தன் காலால் நடந்து ஆட்டோவில் ஏறிப் போன மனிதர். பின்னேரம் வந்து மீன்குஞ்சுகளைப் பார்ப்பதாக என்னிடம் சொல்லிவிட்டும் போயிருந்தார். ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கு அலைந்தவர்களுக்கு அவரைத் தெரியும். வேலிச் சண்டையோடு வந்தவர்களை வாங்கில் இருத்தி, கோபம் ஆறும்வரை தேத்தண்ணீர் கொடுத்த உத்தியோகத்தர் அவர். எனக்கு அவர் சகலன்; என்னை அண்ணனாக வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் பரீதாவைக் கலியாணம் முடித்து அட்டாளைச்சேனையிலிருந்து கல்முனைக்கு வந்தேன். பிறகு அவர் பரீதாவின் தங்கை ஸறீனாவை முடித்து நிந்தவூரிலிருந்து வந்தார். நம் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வரவேண்டும். ஒரே வளவில் அக்காவுக்கு ஒரு வீடு, தங்கைக்கு ஒரு வீடு. நாங்கள் இரண்டு பேரும் அந்த வளவுக்கு வந்து சேர்ந்தவர்கள்.

பரீதா மௌத்தாகிப் போன பிறகுதான் அந்த வழக்கத்தின் மறுபக்கம் எனக்குத் தெரிந்தது. வீடு மகளின் பெயரில் இருக்கிறது. மகளும் மருமகனும் என்னைத் தங்கமாகத்தான் பார்த்தார்கள். ஆனாலும் மனைவி இல்லாத வீட்டில் மருமகனுக்கு எதிரே சாப்பிட உட்காரும்போது, விருந்துக்கு வந்து அதிக நாள் தங்கிவிட்டவனைப் போலக் கூச்சமாக இருந்தது. அவளுக்கான கத்தம் ஓதி முடிந்ததும் அட்டாளைச்சேனைக்கு, தம்பி வீட்டுக்குப் போய்விடுவதென்று தீர்மானித்தேன். மகள் அழுதாள். கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். ஒரு விடை வந்துவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டேன். பையையும் கட்டிவிட்டேன்.

அந்தப் பையை நிஸ்தார் பார்த்தார். அடுத்த நாள் மருமகனை மறுபக்கம் பிடிக்கச் சொல்லி, இரண்டரை அடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் மண்டபத்துக்குள் வந்தார். அவர் வீட்டில் ஏற்கெனவே ஆறடித் தொட்டி ஒன்று உண்டு. இதை வைக்க அங்கே இடமில்லை, கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும் என்றார். ஆற்று மணலைக் கழுவிப் போட்டு, பீப்பாவில் ஒருநாள் வைத்த குழாய்த் தண்ணீரை ஊற்றி, தன் பழைய தொட்டியிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்துவந்து வடிகட்டியில் வைத்தார். மீன் எங்கே என்று கேட்டேன். தண்ணீர் பழக வேண்டும், அதற்கு முன்னால் விட்டால் செத்துப் போகும் என்றார். "நீங்க போனா இதப் பாக்க ஆளில்ல காக்கா. தண்ணி பழகினதும் போங்க."

சரி, தண்ணீர்தானே என்று இருந்துவிட்டேன். எந்த மீனை விடுவது என்ற பேச்சு அதற்குள் தொடங்கிவிட்டது. நிஸ்தாருக்கு உலகத்தில் மீன் என்றால் சிக்லிட்தான். நம் குளத்துத் திலாப்பியாவும் அந்தக் குடும்பம்தான் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அறிவுள்ள மீன், ஆளை அடையாளம் காணும், பிள்ளை வளர்க்கும். ஆனால் இடத்துக்குச் சண்டை பிடிக்கும். "எங்கட கந்தோருக்கு வாற ஆக்கள் மாதிரித்தான். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு காணி உறுதி எழுதி வெச்சிரிக்கும்" என்பார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் நானே பஸாருக்குப் போய் ஒஸ்கார் மீன் ஒன்றை வாங்கி வந்தேன். விரல் நீளம்தான். கடைக் கண்ணாடிக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு யாரும் அப்போது என்னை அப்படிப் பார்க்கவில்லை என்று வையுங்களேன். நிஸ்தார் அதைத் தன் தொட்டியின் மூலையில் தடுப்புப் போட்டு வைத்துக்கொண்டார். பிறகு என்னை இருத்தி வகுப்பெடுத்தார். வடிவைப் பார்க்காதே, வளர்ந்தால் எவ்வளவு வரும் என்று கேள் என்பது முதல் பாடம். ஒஸ்கார் வளர்ந்தால் இந்தத் தொட்டியில் திரும்பக்கூட இடமிருக்காது. ஆபிரிக்க ஏரியின் மஞ்சள், நீல மீன்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் அவை கூட்டமாக இருக்க வேண்டியவை, சின்னத் தொட்டியில் ஒன்றையொன்று விரட்டியே கொன்றுவிடும். ஏஞ்சல் மீனுக்குத் தொட்டியின் உயரம் போதாது. கடைசியில் கிரிபென்சிஸ் என்ற சின்னச் சிக்லிட்டில் வந்து நின்றார். வயிற்றில் செம்பருத்திச் சிவப்பு, கைக்கு அடக்கமான உடம்பு, புதியவர்கள் செய்யும் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் குணம். ஒரு தொட்டிக்கு ஒரு சோடிதான். மேல் தண்ணீரில் ஓட நாலைந்து வாள்வால் மீன். மேலே மீன் பயமில்லாமல் திரிந்தால் கீழே உள்ளதும் ஒளியாமல் வெளியே வருமாம்.

அந்தச் சோடியையும் கடைக்காரன் பிடித்துக் கொடுக்கக் கூடாது என்றார். இளசாக ஐந்து வாங்கிவந்து விட்டோம். எதோடு எது சேரும் என்று அவையே முடிவெடுக்க வேண்டுமாம். இரண்டு வீட்டாரும் பேசி முடித்த கலியாணங்களில் இந்த வளவுக்கு வந்து சேர்ந்த நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தொட்டியின் முன்னால் கதிரை போட்டு, காதல் கலியாணம் ஒன்றுக்காகக் காத்திருந்தோம். ஸறீனா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போவாள். ஒருநாள் கவிழ்த்து வைத்த சிரட்டைக்குள் ஒரு சோடி குடியேறியது. மற்ற மூன்றும் அன்றே நிஸ்தாரின் தொட்டிக்குப் போயின.

என் பயணம் இப்படித் தள்ளிக்கொண்டே போனதை நான் கவனிக்காமல் இல்லை. முதலில் தண்ணீர் பழகவில்லை. பிறகு சோடி சேரவில்லை. பிறகு முட்டை, முட்டையோடு தொட்டியை அசைக்கக் கூடாது. பிறகு குஞ்சுகள். தாயும் தகப்பனும் அவற்றை மந்தை போல ஓட்டிக்கொண்டு திரிந்த அன்று, வீட்டில் அதிகம் பேசாத என் மருமகன் ஒரு கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டான். தகப்பன் மீன் எது என்று கேட்டான். காட்டினேன். அன்று சாப்பாட்டுக்கும் அந்தப் பேச்சோடேயே போய் உட்கார்ந்தோம். கூச்சம் எந்தப் பக்கத்தால் எழுந்து போனதென்று தெரியவில்லை.

பின்னொரு நாள் கைத்தொலைபேசியில் தேடிப் படித்தபோது, பழைய பஞ்சைப் போட்டால் தண்ணீர் சீக்கிரமே பழகிவிடும் என்று கண்டேன். நிஸ்தார் என்னைக் காக்க வைத்ததோ ஒரு போகம் விதைத்து அறுவடை பார்க்கும் காலம். வாத்தியாரை ஏமாற்றிப்போட்டியே என்று நேரே கேட்டேன். கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னார்:

"தண்ணி அப்பவே பழகிட்டு. நீங்கதான் பழகல்ல."

எனக்குக் கோபம் வரவில்லை. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றே போயிருப்பேன். என் வீம்பு அப்படி. அதை என்னைவிட அவர் நன்றாக அறிந்திருந்தார். எல்லைக் கல்லைப் பிடுங்காமல் இரண்டு பக்கத்தையும் வீட்டுக்கு அனுப்பி வைத்தவருக்கு நான் எம்மாத்திரம்?

ஜனாஸாவை அடக்கியபின் கல்முனை மையவாடி வாசலில், வந்தவர்களோடு ஸலாம் கொடுத்துக்கொள்ள அவருடைய சொந்தக்காரர் வரிசையாக நின்றார்கள். நான் ஒதுங்கி நின்றேன். அவருடைய மூத்த காக்கா நிந்தவூரிலிருந்து வந்திருந்தார். என் கையைப் பிடித்து இழுத்துத் தனக்கு அடுத்து நிறுத்திக்கொண்டார். வந்த ஒவ்வொருவரின் கையும் என் கைக்குள் வந்து போனது. அவர்களில் நான் அறியாத ஒரு முதியவர். நிஸ்தாரோடு முன்பு வேலை செய்தவராம். என் கையை விடாமல், "நீங்களும் நிந்தவூர்தானா?" என்று கேட்டார்.

கல்முனைக்கு வந்த நாளிலிருந்து எந்த ஊர் என்று யார் கேட்டாலும் அட்டாளைச்சேனை என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். பரீதா அதற்குக் கோபித்துக்கொண்டதுகூட உண்டு. அன்று என் வாயில் அது வரவில்லை.

"இல்ல. நான் இந்த ஊருதான்" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு அடுத்தவரின் கையைப் பிடித்தார். நிஸ்தார் எனக்கு விட்டுப்போனது இந்தப் பதில்தான். அதைக் கேட்க அவர் இல்லையே என்றுதான் அந்த வரிசையில் நின்று அழுதேன்.