மூன்றாவதை விழுங்கும் மொழி

அலுவலகத்தில் அவருக்குச் சந்தேகப்பேர்வழி என்று பெயர். அவர் பராமரித்த கணினிமொழி, இரண்டு மதிப்பு கேட்கும் ஃபங்ஷன் என்ற நிரல்துண்டுக்கு மூன்று கொடுத்தால், மூன்றாவதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அதைப் பிழையென்று நிறுத்தினால் பழைய புரோகிராம்கள் எல்லாம் படுத்துவிடும். அதனால் ஓட்டத்தைத் தடுக்காமல், திரையில் எச்சரிக்கை மட்டும் காட்டும்படி எழுதினார்.

புதிய பதிப்பு வெளியானது. எச்சரிக்கை வந்ததாக ஒருவர்கூடச் சொல்லவில்லை.

"எல்லாரும் ஒழுங்கா எழுதியிருக்காங்க போல, சார்" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

"நம்ம ஆளுங்களா? ஒழுங்காவா? எங்கேயோ இடிக்குதே."

ஊரார் புரோகிராமையெல்லாம் குடைந்து சலித்தபின் தன்னுடையதைத் திறந்தார். எச்சரிக்கையை அனுப்பும் ஃபங்ஷன் கேட்பது செய்தியும் வரி எண்ணும் மட்டுமே; அதற்கு, 'திரையில் காட்டு' என்பதை மூன்றாவதாகக் கொடுத்திருந்தார். மொழி அதை விழுங்கியிருந்தது. விழுங்கினேன் என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே விழுங்கியிருந்தது.