போன் நம்பரைப் பச்சை குத்தப் போன நாள்

நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவன். ஆனால் பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் நான் செங்கல் வைக்காத சந்து கிடையாது. பதினாலு வயதில் மணல் சுமந்தேன், இருபத்தைந்தில் மேஸ்திரி ஆனேன், நாற்பதில் சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுத்தேன். படித்த இன்ஜினியர்கள் பிளானைச் சுருட்டி வைத்துவிட்டு, "மேஸ்திரி, நீங்க சொல்லுங்க" என்று என் வாயைப் பார்த்து நின்றிருக்கிறார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன், சொன்னால் என்ன? இந்த ஊரில் என் பேர் தெரியாத ஆள் இல்லை என்று போன வருஷம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பேர் என் மனைவியின் இடது முன்கையில் பச்சையாக இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் கேட்டாலும் சரி, பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்டாலும் சரி, சொல்வதற்கு ஒரு துணை ஆள் வேண்டும். கல்யாணமான வருஷம் பச்சை குத்துகிறவள் மூட்டையோடு தெருவுக்கு வந்தாள். விளக்குக் கரியை ஏதோ இலைச் சாற்றில் குழைத்து, மூன்று ஊசியை நூலால் சேர்த்துக் கட்டி வைத்திருந்தாள். மற்ற பெண்கள் கோலம், தேள், கோபுரம் என்று குத்திக்கொண்டார்கள். செத்த பிறகு தாலி, மெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள், இதை எவராலும் கழற்ற முடியாது என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. என் மனைவி என் பேரைக் கேட்டாள். குத்துகிறவளுக்கு எழுத்து தெரியாது. நான் சிமெண்டு மூட்டைக் காகிதத்தைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன். அவள் அதைக் கோலத்தைப் பார்ப்பது போலப் பார்த்து, பாட்டுப் பாடிக்கொண்டே அப்படியே குத்தினாள். அதன் பிறகு எந்த ஆபீசில் கேட்டாலும் என் மனைவி கையை நீட்டினால் போதும்.

மூன்று வருஷமாக அவளுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் அடுப்பை மறந்தாள், அப்புறம் தெருவை. போன வருஷம் ஒருநாள் காலையில் நான் பால் வாங்கப் போன நேரத்தில் வெளியே போய்விட்டாள். எந்த பஸ்ஸில் ஏறினாளோ, மூன்றாம் நாள்தான் ஊருக்கு வெளியே ஹெப்பகோடி தாண்டி ஒரு போலீஸ் ஸ்டேஷனில் கிடைத்தாள். நாங்கள் போட்டோவைப் போனில் அனுப்பிக்கொண்டே இருந்தோம், அதை ஒருவர் பார்த்துச் சொன்னார்.

அங்கே இருந்த பெண் போலீஸ் கன்னடக்காரர், தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. "கையில தமிழ்ல இருந்துச்சு சார். டீக்கடைக்காரரைக் கூப்ட்டுப் படிக்கச் சொன்னோம். ஆனா பேரை மட்டும் வெச்சுக்கிட்டு இந்த பெங்களூர்ல யார்னு தேடறது?" என்றார். ஐம்பது வருஷம் இந்த ஊருக்குக் கட்டிடம் கட்டியவன் நான். என் பேர் இரண்டு நாள் அந்த ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது, கேட்க ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் என் போன் நம்பர் எழுதிய அட்டையை அவள் கழுத்தில் மாட்டினேன். கிழித்துப் போட்டாள். நம்பர் வெட்டிய வெள்ளிக் காப்பு போட்டேன். பூக்காரியிடம் கழற்றிக் கொடுத்துவிட்டாள். கழற்ற முடியாதது ஒன்றுதான் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

மகளிடம் சொன்னேன். அவள் டெய்லரிங் கம்பெனியில் சூப்பர்வைசர், வாரத்தில் ஒருநாள் எங்களைப் பார்க்க வருவாள்.

"அம்மா என்ன மாடா நைனா, நம்பர் போட்றதுக்கு?"

"நம்பர் இருக்கிற மாடு வீட்டுக்கு வந்து சேருது இல்ல?"

அவள் அழுதாள். அப்புறம் ஆட்டோ பிடித்தாள்.

மல்லேஸ்வரத்தில் ஒரு மாடியில் டாட்டூ கடை. கடைக்காரப் பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. மூக்கில் வளையம், கழுத்து வரைக்கும் பூவும் பாம்புமாக வரைந்திருந்தாள். ஆனால் பேச்சு மரியாதையாக இருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "போட்டுடலாம் அங்கிள். ஆனா அவங்களா கையை நீட்டணும். புடிச்சுக்கிட்டெல்லாம் போட மாட்டேன்" என்றாள்.

"நான் அவ புருஷன். நான் சொல்றேன்."

"நீங்க சொல்லலாம் அங்கிள். தோலு அவங்களது."

எனக்குக் கோபம் வந்தது. இவளைப் போல எத்தனை பேருக்கு வேலை கொடுத்தவன் நான். ஆனால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. மனைவி மெஷின் சத்தத்தைக் கேட்டு மகளின் தோளில் ஒண்டினாள். சரி, வலிக்காது என்று காட்டினால் நீட்டுவாள் என்று என் கையை முதலில் நீட்டினேன். "எனக்கே போடும்மா, அவ பார்க்கட்டும்." எழுபத்து நாலு வயதுவரை என் உடம்பில் ஒரு புள்ளி குத்தியதில்லை. பத்து எண்ணும் ஏறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடியே இருந்தேன்.

"உன் கையில உன் நம்பரா?" என்றாள் மகள். "தொலைஞ்சா நீயே எடுத்து ஹலோ சொல்லிக்க நைனா." அவளுக்கும் எனக்கும் அன்றைக்கு வந்த சிரிப்பு அது ஒன்றுதான்.

மனைவி என் கையைப் பார்த்தாள். தோல் சிவந்து ரத்தம் பொட்டுப் பொட்டாக நின்றது. கிட்டே வந்து குனிந்து ஊதினாள். "வலிக்குதாப்பா? ஏன் இப்படிப் பண்ணிக்கினே?" என்றாள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கடைக்காரப் பெண்ணும் எழுந்து வந்து, மெதுவாகக் கேட்டாள்.

"உங்களுக்கும் இந்த மாதிரி போடலாமாம்மா? இஷ்டமா?"

"எங்க வூட்டுக்காரரைக் கேக்கணுமே."

"இவர்தானேம்மா?" என்று என்னைக் காட்டினாள்.

மனைவி என்னை மேலும் கீழும் பார்த்து, வெட்கப்பட்டு முந்தானையை இழுத்துக்கொண்டாள். "இது யாரோ பெரியவரு. பாவம். எங்க வூட்டுக்காரரு சென்ட்ரிங் வேலைக்குப் போயிருக்காரு, சாயங்காலம் வந்துடுவாரு. இதோ பாரு, அவரு பேரு." முன்கையைத் திருப்பிக் காட்டினாள்.

நான் என் பேரைச் சொன்னேன். என் வாயால், சத்தமாக.

"இதைப் பார்த்துட்டுச் சொல்றீங்க" என்றாள். "யாரு வேணா சொல்லலாம்."

கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டவள் அப்புறம் வெளியே எடுக்கவே இல்லை. கடைக்காரப் பெண் மெஷினை அணைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். என் மகள் அம்மாவைத் தாங்கி மாடிப்படி இறக்கினாள். ஆட்டோவில் மனைவி எனக்கும் தனக்கும் நடுவில் மகளை உட்காரச் சொன்னாள். அப்புறம் இரண்டு தடவை அழைத்துப் போக முயன்றேன். நான் செருப்பை எடுத்து வைத்தாலே கத்துகிறாள், என்னோடு வர மாட்டாளாம்.

இப்போது வாசல் கிரில்லுக்கு உள்பக்கம் பூட்டு. சாவி என் இடுப்பில். அந்தக் கிரில் நான் கிட்டே நின்று வெல்டிங் அடிக்க வைத்தது, கடப்பாரை போட்டாலும் அசையாது. பகலெல்லாம் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். போகிறவர்களிடம், "அண்ணா, கொஞ்சம் தொறந்து வுடேன், இந்த ஆளு பூட்டிட்டாரு" என்கிறாள். தெருவில் எல்லோருக்கும் எங்களைத் தெரியும். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள்.

முந்தாநாள் மத்தியானம் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் வாங்கினாள். அப்புறம் என்னைப் பார்த்து, "உங்க வூட்ல தேட மாட்டாங்களா? எப்பப் போவீங்க?" என்று கேட்டாள்.

"நாளைக்கு" என்றேன். வாயைத் திறந்தாள், அடுத்த உருண்டையைக் கொடுத்தேன்.