அம்மிணி என்னைத் தள்ளிவிடவில்லை

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் வருவதை நம்ப உங்களுக்குச் சுலபமாக இருக்கும். திருவனந்தபுரத்தில் பதினாறு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிறேன். அப்படிப்பட்டவன், போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸ் சமயத்தில், கரமனையில் என் வீட்டு வாசலில் நட்சத்திரம் கட்ட ஏறி, பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து விழுந்தேன். இடுப்பெலும்பில் விரிசல்.

அது பெரிதில்லை. பார்க்க வந்த குதிரைப் பள்ளி முதலாளி எந்தக் குதிரை என்று கேட்டார். குதிரைக்காரன் நாற்காலியிலிருந்து விழுந்ததை எப்படிச் சொல்வது? விழுந்த அன்று காலையில் அம்மிணி என்ற பெண்குதிரையைத் தனியாக ஓட்டியிருந்தேன். அதுதான் தள்ளிவிட்டது, வலி வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது என்று சொல்லிவிட்டேன். அவரும் நம்பினார்.

எலும்பு நாலு மாதத்தில் கூடிவிட்டது. நான் கூடவில்லை. படுத்துக்கொண்டே சாப்பிட்டுப் பழகியவனுக்கு எழுந்து நடக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. தெரபி சொல்லிக்கொடுத்த பெண் எழுதித் தந்த பயிற்சித் தாள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியபடி இருந்தது. கதவைத் திறந்து மூடியது மட்டும்தான் நான் செய்த பயிற்சி. ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிப்போனது.

பிறகு முதலாளி கூப்பிட்டார். என்னையே தள்ளிய குதிரை என்பதால் அம்மிணி மேல் யாரும் பிள்ளைகளை ஏற்றவில்லையாம். சும்மா நிற்கிற குதிரைக்கு எத்தனை நாள் தீனி போடுவது? கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவர் கேட்கிறார், ஈஸ்டர் கழிந்ததும் கொண்டுபோவார் என்றார். அம்மிணி செண்டை மேளச் சத்தம் தூரத்தில் கேட்டாலே உடம்பெல்லாம் நடுங்கும். அதை வேட்டுக்கும் கொட்டுக்கும் நடுவில் நிறுத்தப்போகிறார்கள். என் வாயால்.

மறுநாள் லாயத்துக்குப் போனேன். ஒரு தடவை ஓட்டிக் காட்டிவிட்டால் போதும், உண்மையைச் சொல்லாமலே காப்பாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இடது காலைச் சேணத்தில் தொங்கும் அங்கவடியில் வைக்கவேண்டும். கால் பாதி உயரம் போய் நின்றுவிட்டது. அம்மிணி திரும்பி என் வயிற்றைப் பார்த்தது.

அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். பொய் சொல்லவில்லை, அழுதேன். ஆண்டவரே, காலைச் சரிபண்ணும், மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று ஜெபித்தேன். அடுக்களையிலிருந்து என் மனைவி கிரேஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலிக் கதை அவளுக்கு மட்டும் தெரியும்.

"காலு சரியாவும். வாயி எப்பம் சரியாவும்?" என்றாள்.

இந்த இடத்தில் ஆண்டவர் என் இன்னொரு மடத்தனத்தை எடுத்துப் பயன்படுத்தினார். நான் நாகர்கோவில் பக்கத்துக்காரன். மலையாளம் பேசுவேன், வாசிப்பதென்றால் பஸ் போர்டும் சாயாக்கடைப் பலகையும்தான். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு தொடங்கும்போது சபையில் மலையாளத்தில் ஒரு தாள் தொங்கியது. காலை ஆறு மணி, பிரார்த்தனை, முட்ட என்று எழுத்துக் கூட்டினேன். சாயாக்கடையில் முட்டைக்கு அப்படித்தான் எழுதியிருக்கும். ஜெபம் முடிந்ததும் முட்டைக்கறியோடு காலைச் சாப்பாடு என்று நினைத்து, நாற்பது நாளுக்கும் பெயர் எழுதிவிட்டேன்.

கிரேஸ் வந்து வாசித்தாள். "முட்டை இல்ல, முட்டு. முழங்கால் ஜெபம். அரை மணிக்கூறு, பெஞ்சைப் பிடிக்கப்பிடாது. லெந்துல எந்தச் சபையில முட்டை போடுவாவ?"

பெயரை அடிக்க வெட்கம். இந்த இடுப்போடு முழங்காலில் நிற்கலாமா என்று தெரபிப் பெண்ணிடம் கேட்டேன். தான் எழுதித் தந்த தாளில் முதல் பயிற்சியே அதுதான், தலையணை வைத்து நில்லுங்கள் என்றாள். முதல் நாள் மூன்று நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் வாரம் பத்து நிமிஷம். முதுகை நிமிர்த்தி, தொடையை இறுக்கி நிற்கவேண்டும். சேணத்தில் உட்காரவும் அதே தசைகள்தான் வேண்டும். காலைக் கொடும் என்று கேட்டேன். கேட்கிற இடத்திலேயே அவர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் முழங்காலில் நிற்பதில் ஒரு சங்கடம் உண்டு. நாம் கேட்பதெல்லாம் பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். மீதி நேரம் அவர் பேசுவார். அவர் என் காலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

மூன்றாம் வாரம் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகளின் பெற்றோரிடமெல்லாம் அது முரட்டுக் குதிரை என்று சொல்லிவைத்திருக்கிறேனே என்றார். பிறகு, "பறஞ்சா போரா. கேறிக் காணிக்கணும்," என்றார். சொன்னால் போதாது, ஏறிக் காட்டவேண்டும். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, எல்லோர் முன்னாலும்.

அதுவரை தினமும் ஜெபம் முடிந்து நேராக லாயத்துக்குப் போனேன். முதலில் அம்மிணியைக் கையில் பிடித்து நடத்தினேன். பிறகு முக்காலி போட்டு ஏறி மெல்ல நடக்கவிட்டேன். தொடை தீப்பிடித்த மாதிரி எரிந்தது.

சனிக்கிழமை பெற்றோர்கள் வேலியோரம் நின்றார்கள். குதிரை தள்ளவில்லை, நான் நாற்காலியிலிருந்து விழுந்தேன் என்று உரக்கச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆண்டவரே, எனக்காக வேண்டாம், இதற்காக, என்று சொல்லி, முக்காலி இல்லாமல் காலைத் தூக்கினேன். இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை மேலே இருந்தேன். அதுவரை அம்மிணி அசையாமல் நின்றது. நடை, ஓட்டம், கடைசியில் மூன்று சுற்றுப் பாய்ச்சல். என் முழங்கால் பிடி விடவே இல்லை. முதலாளி அங்கே வைத்தே போனை எடுத்து ஊர்வலக்காரரிடம் குதிரை இல்லை என்று சொல்லிவிட்டார்.

அன்பானவர்களே, லெந்து முடிந்தும் காலை ஆறு மணிக்கு நான் முழங்காலில்தான் நிற்கிறேன். பொய் சொல்வது முன்பு போல் வாட்டமாக வருவதில்லை. உங்களுக்கும் தூக்க முடியாத கால் ஒன்று இருந்தால் அவரிடம் கேளுங்கள். கேட்டதைத் தருவார். கேட்காமல் ஒளித்துவைத்ததையும் விடமாட்டார். அதற்கும் சேர்த்து ஸ்தோத்திரம்.

அன்று இறங்கியதும், கரமனை அக்கிரகாரத்திலிருந்து மகளைக் கூட்டிவரும் ஒரு அம்மாவிடம் போனேன். இனி எங்களை நம்பிப் பிள்ளையை அம்மிணி மேல் ஏற்றுவீர்களா என்று கேட்டேன். அவர் மகளின் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"குதிரைய நம்பறேன், சார்."