பெயருக்குள் ஒரு காற்புள்ளி

மீனவர் சங்கத்தின் கரை அலுவலகத்துக்குள் கஜந்தினி நுழைந்தபோது செயலாளர் தனோஜன் நின்றபடியே கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் கதிரை இருந்தும் அவன் அதில் அமரவில்லை. அதைக் கண்டவுடனேயே ஏதோ சரியில்லை என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

“அக்கா, எச்சரிக்கை அனுப்பிப்போட்டன். ஒரு படகிலை இருந்தும் பதில் வரேல்லை.”

“ஒண்டிலை இருந்துமோ?”

“ஒண்டிலை இருந்தும் இல்லை. திருப்பியும் அனுப்பிப் பாத்திட்டன்.”

மார்கழி மாதம். புயலைக் கொண்டுவந்த தாழமுக்கம் தெற்கே கரையேறிவிடும் என்றுதான் முதல்நாள் வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை நம்பி விடியமுன்னரே படகுகள் போய்விட்டன. போன பிறகுதான் அது வடக்கே திரும்பிவிட்டதென்றும், மத்தியானத்துக்குப் பிறகு ஒருவரும் கடலில் நிற்கக்கூடாதென்றும் அறிவிப்பு வந்தது. வல்வெட்டித்துறையின் ஓரமாக வாடைக்காற்று ஏற்கெனவே தென்னை ஓலைகளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தது. கடலில் நின்றவர்களில் பிரகலாதனும் ஒருவன். கஜந்தினியின் கணவன்.

அவள் கரைப்பக்கத்துப் பிள்ளை அல்ல. மருதனார்மடத்தில் வெங்காயமும் மரவள்ளியும் போடுகிற தோட்டக்காரரின் மகள். படித்து முடித்து யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தவள், படகுகளுக்கு எச்சரிக்கைப் பெட்டி பொருத்திப் பூட்டுகிற வேலையாக இந்தக் கரைக்கு வந்தாள். “உந்தப் பெட்டி சொல்லித்தானோ நான் கடலைப் பார்க்கவேணும்?” என்று அரைநாள் தர்க்கம் பண்ணி, தன் படகில் ஏறவிடாமல் நின்றவனைத்தான் பிறகு கலியாணம் செய்தாள். தகப்பன் கலியாணத்துக்கு வரவில்லை. கடலைப் பற்றி ஒன்றும் தெரியாத மருமகளை மாமியார் கொஞ்சக்காலம் விருந்தாளி போலவே நடத்தினார். பிரகலாதன் கடலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அவளுக்குப் பயம்தான். வெளியில் காட்டமாட்டாள். தான் பூட்டிய பெட்டி படகில் இருக்கிறது என்பதுதான் ஒரே தைரியம்.

கைத்தொலைபேசி எட்டாத தூரத்திலும் அந்தப் பெட்டிக்குக் கரையின் செய்தி கேட்கும். எச்சரிக்கை வந்தால் அலறும். படகிலிருப்பவர் பொத்தானை அழுத்தினால் அந்தப் படகின் பெயர் கரையிலுள்ள திரையில் பச்சை நிறமாகும். ஆரம்பத்தில் யாரோ பகிடிக்குப் பொய்யான எச்சரிக்கை ஒன்றை அனுப்ப, படகுகள் வலைகளை அறுத்துவிட்டு ஓடிவந்தன. அதன்பின் செய்தி எதுவானாலும் சங்கத்தின் டிஜிட்டல் சான்றிதழோடு போகவேண்டும் என்று முடிவானது. சான்றிதழுக்குள் அனுப்புகிறவரின் முழுப்பெயர் பகுதி பகுதியாக இருக்கும்: நாடு, ஊர், அமைப்பு, பிரிவு, பதவி. செயலாளர் என்று ஊருக்கு ஊர் ஒருவர் இருப்பார். இந்தப் பகுதிகள் எல்லாம் சேர்ந்தால்தான் இன்னார் என்று பிசகில்லாமல் தெரியும். பெட்டி தன்னிடமுள்ள பெயரோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துவந்தால் மட்டுமே அலறும்.

சங்கத்தின் புதிய சான்றிதழ் பாவனைக்கு வந்த முதல்நாள் அதுதான்.

அலுவலகத்தில் பரிசோதனைக்கென்று ஒரு பெட்டி இருந்தது. கஜந்தினி அதைக் கணினியில் கொழுவி உள்ளே என்ன நடந்ததென்று பார்த்தாள். செய்தி பெட்டிக்கு வந்திருக்கிறது. கையொப்பமும் சரி. கீழே ஒரு வரி: அனுப்புநரின் பெயர் பிழை.

நிறுவனத்திலிருந்த கோகுலனுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவளோடு வேலை செய்கிறவன், பெட்டிக்குள் இருக்கிற மென்பொருளை எழுதியவன்.

“புதுச் சான்றிதழிலை அமைப்பின்ரை பேர் எப்பிடி இருக்கெண்டு வாசியுங்கோ அக்கா.”

“கிழக்குத்துறை, கமா, மேற்குத்துறை மீனவர் சங்கம்.”

மறுபக்கம் விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

“கோகுலன்?”

“அக்கா, பெட்டிக்குள்ளை முழுப்பேரையும் ஒரே வரியாத்தான் வச்சிருக்கு. கமா வாற இடமெல்லாம் வெட்டித்தான் நாடு, ஊர் எண்டு பிரிக்கும்.”

“பேருக்குள்ளையே கமா வந்தால்?”

“அதையும் வெட்டும்.”

அவளுக்கு எல்லாம் ஒரேயடியாகத் தெரிந்தது. சங்கத்தின் பெயர் இரண்டு துண்டாகியிருக்கிறது. பின்துண்டு நாடா, ஊரா, பதவியா என்று பெட்டிக்கு விளங்கவில்லை. விளங்காத பெயரில் வந்த செய்தியென்று சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டது. கடலில் நின்ற ஒவ்வொரு படகிலும் இதேதான் நடந்திருக்கும்.

“நான்தான் அக்கா எழுதினனான்,” என்றான் கோகுலன். “வெறும் சங்கம் எண்டு பேர் போட்டுத்தான் சோதிச்சனான்.”

“உதைப் பிறகு கதைப்பம். இப்ப என்ன செய்யிறது?”

கடலில் நிற்கிற பெட்டியைக் கரையிலிருந்து திருத்த முடியாது. திருத்தமும் அதே பெயரில்தான் போகவேண்டும். காற்புள்ளி இல்லாத புதிய சான்றிதழைக் கொழும்பிலிருந்து எடுப்பது அன்றைக்குள் நடக்கிற காரியம் அல்ல. தனோஜன் தொலைபேசியில் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டிருந்தான். கரையோடு நின்ற சிலர் கிடைத்தார்கள். தூரப் போனவர்கள் ஒருவரும் கிடைக்கவில்லை.

“பழைய பேர்,” என்றாள் கஜந்தினி திடீரென்று. “பழைய பேரும் இன்னும் பெட்டிக்குள்ளை இருக்கு. அந்தச் சான்றிதழும் இந்த மாசக் கடைசிவரை செல்லும். கமா இல்லை.”

தனோஜன் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தான். “அதின்ரை சாவி இளையதம்பி ஐயாட்டை எல்லோ இருக்கு.”

பழைய பெயர் கிழக்குத்துறை மீனவர் சங்கம்; மேற்குத்துறைப் படகுகளுக்கும் முந்தி அந்தப் பெயரில்தான் எச்சரிக்கை போனது. அதன் செயலாளராகப் பல காலம் இருந்தவர் இளையதம்பி. இரண்டு துறைகளின் சங்கங்களையும் ஒன்றாக்கியபோது யார் பெயர் முதலில் வருவதென்று கூட்டத்தில் கதிரை தூக்குமளவுக்குச் சண்டை வந்தது. கடைசியில் இரண்டு பெயரையும் போட்டு நடுவில் ஒரு காற்புள்ளி வைத்தார்கள். வாக்கெடுப்பில் மேற்குத்துறையைச் சேர்ந்த தனோஜன் செயலாளரானான். இளையதம்பி எழுந்து போனவர்தான். பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. கையொப்பச் சாவி கிடந்த சிறிய யூஎஸ்பி குச்சியும் அவரோடு போய்விட்டது. ஆள்விட்டுக் கேட்டும் கொடுக்கவில்லை.

“நான் போனால் படலையும் திறக்கமாட்டார்,” என்றான் தனோஜன்.

கஜந்தினி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். மழை முகத்தில் குத்தியது. கரை வீதியில் போகும்போது கடலைப் பார்க்கக்கூடாதென்று நினைத்தும் பார்த்தாள். தண்ணீர் ஈயக் குண்டின் நிறத்தில் கிடந்தது.

இளையதம்பி முற்றத்தில் விறகு நனையாமல் அதன் மேல் படங்கு கட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கயிற்றை விடாமலே கேட்டார்:

“உவங்கள் இப்ப உன்னையே அனுப்பிறாங்கள்?”

“ஐயா, பெட்டி ஒண்டும் கத்தேல்லை. படகுகளுக்கு எச்சரிக்கை போகேல்லை. பழைய சாவி வேணும்.”

“பழைய பேரிலை இனி ஒண்டும் போகப்படாதெண்டு கூட்டத்திலை கை உயர்த்தினவங்கள் தானே?” அவர் கயிற்றை இறுக்கினார். “புதுப் பேரிலை அனுப்பட்டுமன்.”

“புதுப் பேரைப் பெட்டி ஏற்கேல்லை, ஐயா. அது எங்கடை பிழை. சங்கத்தின்ரை பிழை இல்லை, தனோஜன்ரை பிழையும் இல்லை. நாங்கள் எழுதினதிலை பிழை.”

அவர் முதல் தடவையாக அவளை நேரே பார்த்தார். மழை அவளுடைய தலைமயிரிலிருந்து வழிந்து கழுத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

“ஆர் ஆர் வெளியிலை நிக்கிறாங்கள்?”

அவள் தெரிந்த பெயர்களைச் சொன்னாள். கிழக்குத்துறைக்காரரும் மேற்குத்துறைக்காரரும் கலந்துதான் வந்தார்கள். பிரகலாதனின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் கீழே இறங்கியது. அவனுடைய படகு முத்துமாரி என்பது அவருக்குத் தெரியும். அவர் கயிற்றை விட்டார். உள்ளே போய் மேலுக்குச் சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். குச்சி சேட்டுப் பையில் இருந்தது.

“நான் கையிலை தரமாட்டன். நானே வாறன்,” என்று ஸ்கூட்டியின் பின்னால் ஏறினார்.

அலுவலகத்தில் அவரைக் கண்டதும் தனோஜன் எழுந்து கதிரையை விட்டான். கஜந்தினி குச்சியைத் தன் மடிக்கணினியில் செருகினாள். திரை கடவு இலக்கத்தைக் கேட்டது. இளையதம்பி குனிந்து ஒரு விரலால் தட்டினார்.

பிழை.

“பொறு பிள்ளை.” மறுபடி தட்டினார்.

பிழை. இன்னும் ஒருதரம் பிழைத்தால் சாவி பூட்டிக்கொள்ளும் என்று திரையில் சிவப்பில் வந்தது.

“ஐயா, தட்டாதேங்கோ.” அவள் கையை நீட்டித் தடுத்தாள். “என்ன இலக்கமெண்டு வாயாலை சொல்லுங்கோ.”

அவர் நெற்றியைத் தேய்த்தார். “வாயிலை வராது பிள்ளை. கை போற போக்கிலைதான் தட்டிறனான்.”

வெளியே எங்கேயோ ஒரு தகரம் பிடுங்குப்பட்டு விழுந்தது. தனோஜன் யன்னலுக்குப் போய்த் திரும்பி வந்தான். கஜந்தினி கிழவரின் கையைப் பார்த்தாள். வலது கையின் விரல்கள் மேசை விளிம்பில், எதையோ தேடுவதுபோல ஓரமாக அசைந்துகொண்டிருந்தன. மடிக்கணினியில் அந்த ஓரத்தில் ஒன்றும் இல்லை.

“தனோஜன், இஞ்சை முந்தி இருந்த பெரிய கணினியின்ரை கீபோட் எங்கை?”

“அலுமாரிக்கு மேலை கிடக்கு.”

எட்டி எடுத்துத் தூசியைத் துடைத்துக் கொழுவினார்கள். அதன் வலது ஓரத்தில் இலக்கங்கள் தனிக்கட்டமாக இருந்தன. இளையதம்பி கையை அதன்மேல் வைத்தார். கண்ணை மூடினார். தட்டத் தொடங்கவில்லை, விரலை மட்டும் ஒருமுறை காற்றிலேயே ஓட்டிப் பார்த்தார்.

அவர் தட்டினார். திரை திறந்தது.

அவள் செய்தியை எழுதினாள்; எழுதிய சொற்கள் பின்னால் அவளுக்கு நினைவில்லை. பழைய பெயரில் கையொப்பமிட்டு அனுப்பினாள். முதலில் மேசையிலிருந்த சோதனைப் பெட்டி அலறியது. மூவரும் திடுக்கிட்டார்கள். பிறகு திரையில் ஒரு படகு பச்சையானது. இன்னொன்று. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு நான்கைந்து ஒன்றாக. தனோஜன் படகின் பெயர்களை உரக்க வாசித்துக்கொண்டு போனான். அவற்றில் முத்துமாரி இல்லை.

“திருப்பி அனுப்பு,” என்றார் இளையதம்பி. திருப்பி அனுப்பினாள். அனுப்பிக்கொண்டே இருந்தாள். கடைசியில் எல்லாப் படகும் பச்சையாகி, அந்த ஒரு பெயர் மட்டும் சாம்பல் நிறமாகவே நின்றது. கோகுலன் தொலைபேசியில், “ஆக்கள் வந்திட்டினமோ அக்கா?” என்று கேட்டான். அவள் தொலைபேசியைத் தனோஜனிடம் கொடுத்துவிட்டுக் கரைக்கு நடந்தாள்.

பாறைகளுக்கு நடுவிலுள்ள ஒடுக்கமான வழியால்தான் படகுகள் உள்ளே வரவேண்டும். அலை எழும்பியிருந்ததால் ஒவ்வொரு படகும் வெளியே நின்று, தருணம் பார்த்துப் பாய்ந்து வந்தது. ஒன்று அந்த வழியிலேயே புரண்டது. அதிலிருந்தவர்கள் நீந்திக் கரையேறினார்கள். படகு பாறையில் அடித்து இரண்டாகப் பிளந்தது. பெண்கள் கத்தினார்கள். கஜந்தினி கத்தவில்லை. நனைந்த சட்டையோடு நின்று, வருகிற ஒவ்வொரு படகின் முன்பக்க நிறத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் வந்து பக்கத்தில் நின்றார். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

மழைக்குள்ளிருந்து இரண்டு படகுகள் ஒன்றாகத் தெரிந்தன. முன்னால் வந்தது மேற்குத்துறைக்காரரின் படகு. பின்னால் வந்தது முத்துமாரி.

பிரகலாதன் இறங்கி, நெஞ்சளவு தண்ணீரில் படகைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவளைக் கண்டதும் சொன்னான்: “பெட்டி கத்தேல்லை கஜா. நாங்கள் வலை இழுக்கிறதைக் கண்டிட்டு உவையள்தான் கிட்ட வந்து சேட்டைக் கழட்டி வீசிக் கூப்பிட்டவை. வலையை விட்டிட்டு வந்திட்டம்.”

அவள் படகுக்குள் ஏறிப் பெட்டியைத் திறந்தாள். பற்றரிக்குப் போகிற வயர் கழன்று கிடந்தது. அந்த வயரைக் கையில் பிடித்தபடி படகின் பலகையில் இருந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அது நெடுநேரம் ஓயவில்லை.

இளையதம்பி கொஞ்சம் தள்ளி நின்று வந்த படகுகளைப் பார்த்தார். பிறகு ஒருவரிடமும் சொல்லாமல் மழைக்குள் நடந்து போய்விட்டார். அடுத்த கூட்டத்துக்குத் தனோஜன் நேரில் போய் அழைத்தும் அவர் வரவில்லை. மாதம் முடிந்து பழைய சாவி செல்லாமற்போன பிறகு அந்தக் குச்சியை மட்டும் ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பினார்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இவ்வளவு கரைச்சல் தந்த காற்புள்ளியைப் பெயரிலிருந்து எடுத்துவிடலாம் என்றார். உடனே மண்டபத்தில் பழைய சண்டை மூளப் பார்த்தது. கஜந்தினி எழுந்தாள்.

“பேரை மாத்தாதேங்கோ. உங்கடை பேர் எப்பிடி இருக்கோ அப்பிடியே நாங்கள் கொண்டுபோகவேணும். அதுதான் எங்கடை வேலை.”

கோகுலன் வேலையை விடப்போவதாகக் கடிதம் கொடுத்திருந்தான். அவள் அதை நிறுவனத்தாரிடமிருந்து வாங்கி அவனிடமே திருப்பிக் கொடுத்து, பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தாள். இருவருமாகப் பெயரை ஒரு வரியாக வைக்கும் பழக்கத்தையே விட்டார்கள். நாடு நாடாகவும், ஊர் ஊராகவும், அமைப்பு அமைப்பாகவும் தனித்தனி அறைகளில் இருந்தன. ஒப்பிடும்போது அறையை அறையோடு ஒப்பிட்டார்கள். எழுதிய வரியை வரியோடு அல்ல. உள்ளே காற்புள்ளி வந்தாலும் சமக்குறி வந்தாலும் அது பெயரின் பாகமாகவே இருந்தது.

பெட்டிகளைக் கழற்றி ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். கரைக்குக் கொண்டுவந்த நாளில் கோகுலன், எழுதக் கரைச்சலான பெயர்களாகச் சொல்லும்படி மீனவர்களைக் கேட்டான். அவர்களுக்கு அது பெரிய கொண்டாட்டமும் புழுகமுமாகப் போய்விட்டது. முதலெழுத்து நான்கு வைத்த தகப்பன்மாரின் பெயர்கள், அடைப்புக்குறிக்குள் பட்டப்பெயர், கூட்டல் குறி போட்டுச் சேர்த்த அண்ணன் தம்பி பெயர், யாரோ ஒருவனின் நாயின் பெயர்கூட வந்தது. கோகுலன் எல்லாவற்றையும் போட்டான். ஒவ்வொன்றுக்கும் பெட்டி அலறியது. சத்தம் தாங்காமல் பிரகலாதன் காதைப் பொத்திக்கொண்டு, “காணும் தம்பி, போதும்,” என்றான்.

கஜந்தினி சிரிக்கவில்லை. “இன்னும் ரெண்டு பேரைச் சொல்லுங்கோ,” என்றாள்.