காதோரத்தில் நிற்க வேண்டிய உதை

இசக்கி மண்ணூருக்கு வந்தது 2008-இல். கயத்தாறு பக்கத்துக்காரன். கோவில்பட்டியில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்திருந்தான். ஜெபமணி அம்மாள் தன் வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்டுக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த அறைகளில் ஒன்று அவனுக்குக் கிடைத்தது. அந்த அம்மாளுக்குக் கணவர் இல்லை. மகள் ஷீபாவைப் படப்பையில் கட்டிக் கொடுத்திருந்தார். மகன் யேசுராஜுக்கு இசக்கியின் வயதுதான். அதே கம்பெனியில் வேறொரு லைனில் வேலை பார்த்தான்.

இசக்கி பள்ளிக்கூடத்திலேயே கராத்தே கற்றவன். பிரவுன் பெல்ட் வரை வந்திருந்தான். முதல் ஷிப்ட் பஸ் வருவதற்கு முன்னால் கொல்லையில் நின்று தனியாகக் கட்டா செய்வான். எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு தடுப்பதும் குத்துவதும் திரும்புவதுமாக, வரிசை மாறாமல் செய்யும் பயிற்சி அது. பல் விளக்கிக்கொண்டே அதைப் பார்த்த யேசுராஜ், "இன்னா மச்சான், காத்த அடிச்சிக்கினு கீறே?" என்று கேட்டான். அப்படித்தான் அவர்கள் பழக ஆரம்பித்தார்கள்.

ஊர்க் கோயிலை ஒட்டிய மைதானத்தில் ஞாயிறு காலைகளில் கன்னியப்பன் மாஸ்டர் வகுப்பு நடத்தினார். அவரும் வாரம் முழுக்க ஒரு கார் கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் நின்றவர்தான். யேசுராஜே இசக்கியை அங்கே அழைத்துப்போனான். பிறகு சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் அவனும் வெள்ளை உடை வாங்கிக்கொண்டான்.

மாஸ்டர் சொல்லிக்கொடுத்த முறையில் எதிராளியின் மேல் அடி விழக்கூடாது. குத்து சட்டையைத் தொடலாம், சதையைத் தொடக்கூடாது. தலைக்குப் போகும் உதை காதோரத்தில் நின்றுவிட வேண்டும். அதற்குப் பெயர் கன்ட்ரோல். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். உதையின் வேகம் முழுவதும் கடைசி ஒரு சாணில்தான் சேருகிறது. முட்டி எழும்பி, இடுப்பு திரும்பி, ஊன்றிய காலின் குதிகால் சுழன்று, கணுக்கால் விரிகிற அந்த இடத்தில் மொத்த உடம்பையும் நிறுத்தவேண்டும். பலத்தைக் குறைத்துக்கொண்டு உதைப்பவனை மாஸ்டர் வெளியே நிற்கவைத்துவிடுவார். முழு பலத்தோடு உதைக்க வேண்டும், முழு பலத்தோடு நிறுத்தவும் வேண்டும்.

இசக்கிக்கு இது கைவந்திருந்தது. அவன் வலது கால் எதிராளியின் காதருகே வந்து நிற்கும்போது முடி அசையும், தோலில் காற்று படும், அவ்வளவுதான். மற்றவர்கள் அந்தக் காலைப் பார்த்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். யேசுராஜ் மட்டும் இழுக்கமாட்டான். குதிரை ஏறினாற்போல் நிற்கச் சொன்னால் நாலு நிமிஷத்தில் தொடை நடுங்கி உட்கார்ந்துவிடுகிறவன், இசக்கியின் உதைக்குக் கண்ணைக்கூடச் சிமிட்டமாட்டான். ஏன் பயப்படவில்லை என்று மாஸ்டர் ஒருமுறை கேட்டதற்கு, அவன் நிறுத்திடுவான் சார் என்று சாதாரணமாகச் சொன்னான்.

கோயில் திருவிழாவில் யேசுராஜின் தலைமேல் ஒரு பேப்பர் கப்பை வைத்து, இசக்கி அதை உதைத்துத் தட்டிவிட்டான். ஊரே கை தட்டியது. ஜெபமணி அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரையும் திட்டிவிட்டு, இரண்டு பேருக்கும் பிரியாணி போட்டார். அதற்குள் இசக்கி அந்த வீட்டில் வெறும் வாடகைக்காரனாக இல்லை. ஊருக்குப் போய்விட்டு வந்தால் கருப்பட்டியை முதலில் அவரிடம்தான் கொடுப்பான். அவரை அம்மா என்றே கூப்பிட்டான்.

2012-இல் கம்பெனிக்குப் புது ஆர்டர் வந்தது. ஓவர்டைம் பார்ப்பது விருப்பமாக இருந்தது போய்க் கட்டாயமாகிவிட்டது. அடுத்த ஷிப்ட் ஆள் வரவில்லை என்றால் நிற்கிறவன் நின்றபடியே தொடர வேண்டும். ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டாவது ஷிப்டுக்குப் போன யேசுராஜை சூப்பர்வைசர் அப்படித்தான் மூன்றாவது ஷிப்டிலும் நிறுத்திக்கொண்டார். ஞாயிறு காலை கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவன் வீட்டுக்குப் போகாமல் நேராக மைதானத்துக்கு வந்துவிட்டான். அடுத்த வாரம் அவனுக்குக் கிரீன் பெல்ட் பரீட்சை இருந்தது.

தூங்கினாயா என்று இசக்கி கேட்டான். பஸ்ஸில் தூங்கினேன், ஒரு ரவுண்டு மட்டும் போடலாம் என்றான் யேசுராஜ். மாஸ்டர் அந்தப் பக்கம் புதியவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் குனிந்து வணங்கிவிட்டு ஆரம்பித்தார்கள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இசக்கி வலது காலைத் தூக்கினான். அளவெல்லாம் எப்போதும்போலச் சரியாகவே இருந்தது. யேசுராஜ் இருந்த இடத்தில் இருக்கவில்லை. அவன் கண் ஒரு கணம் சொருகியது. நின்றபடியே தூங்கி விழுகிறவனைப்போல ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டான். நிற்க வேண்டிய கால் நிற்பதற்கு முன்பே அவன் தலை அங்கே வந்துவிட்டது. காதுக்கு மேலே பட்டது. சாய்ந்த வேகத்தில் வாலிபால் கம்பத்தின் சிமென்ட் அடியிலும் தலை இடித்தது.

எல்லோரும் ஓடிவருவதற்குள் அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ரத்தம் எதுவும் இல்லை. தண்ணீர் குடித்தான். "தூங்கிட்டேன் போல மச்சான்," என்று சிரித்தான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார் மாஸ்டர். தலை வலிக்கவில்லை, தூக்கம்தான் வருகிறது என்றான் யேசுராஜ். இசக்கி அவனை வண்டியில் உட்காரவைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

"நீ மொதல்ல போய்த் தூங்குடே. எந்திச்ச பொறவு பேசிக்கிடலாம்," என்றான்.

ஜெபமணி அம்மாளிடம் லேசாக அடிபட்டுவிட்டது என்று சொன்னான். அவரும் மகனைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த பிள்ளை, தூங்கட்டும் என்று கதவைச் சாத்தினார். மதியம் சாப்பிட எழுப்பப் போனவர், குறட்டை சத்தம் கேட்டுத் திரும்பி வந்தார். மாலையில் எழுப்பியபோது அவன் எழவில்லை.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கட்டியிருப்பதாகச் சொன்னார்கள். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அங்கிருந்த டாக்டர் ஷீபாவிடம் சொன்னார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வார்த்தை வராந்தாவில் நின்ற இசக்கியின் காதிலும் விழுந்தது. செவ்வாய்க்கிழமை யேசுராஜ் இறந்துபோனான்.

அடக்கத்துக்கு இசக்கி வந்தபோது ஷீபா அவனைக் கல்லறைத் தோட்ட வாசலிலேயே தடுத்துவிட்டாள். உதைத்துக் கொன்றவன் மண் போட வரக்கூடாது என்றாள். அவன் மதில் ஓரமாக வெயிலில் நின்றுகொண்டிருந்தான். போலீஸ் ஸ்டேஷனில் ஜெபமணி அம்மாளைக் கேட்டார்கள். பயிற்சியில் தவறிப்போய்ப் பட்டதுதான், அந்தப் பையன் மேல் புகார் இல்லை என்று அவர் கையெழுத்துப் போட்டார். இசக்கியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அவன் அறையைக் காலி செய்துகொண்டு சேரப்பணஞ்சேரிக்குப் போனான். சொல்லாமல் லீவு எடுத்ததற்காகக் கம்பெனியில் பெயரை நீக்கியிருந்தார்கள். ஊருக்குப் போக மனம் வரவில்லை. ஒரு குடோனில் பெட்டி அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தான். கன்னியப்பன் மாஸ்டர் வகுப்பை நிறுத்திவிட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து மாஸ்டர் அவனைத் தேடி வந்தார். ஜெபமணி அம்மாள் கூப்பிட்டனுப்பியிருந்தார். இசக்கி மறுநாள் சாயங்காலம் போனான். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும், அடித்தால் தடுக்கக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனான்.

அவர் அவனைக் கொல்லைக்கு அழைத்துப்போனார். துணிக்கொடியை ஒதுக்கிவிட்டு நடுவில் நின்றார்.

"எப்டி ஆச்சுன்னு காட்டு."

அவனுக்குப் புரியவில்லை.

"என் புள்ள எங்க நின்னான், நீ எங்க நின்னே. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஷீபா ஒண்ணு சொல்றா. எனக்குக் கண்ணால பாக்கணும். காட்டு."

"எம்மா, என்னால ஏலாதும்மா."

"நான் பெத்தவ. கேக்குறேன்."

அவன் செருப்பைக் கழற்றினான். தூரத்தை அளந்து நின்றான். கையால் காட்டினான்: அவன் இங்கே, நான் இங்கே. பிறகு முட்டியைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி, தண்ணீருக்குள் நடக்கிறவனைப்போல மெதுவாகக் காலை விரித்து, அவருடைய காதிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினான். ஒற்றைக்காலில் நின்றபடி, இந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும் அம்மா என்றான்.

ஜெபமணி அம்மாள் அந்தக் காலைப் பார்த்தார். அவனையும் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தார். அவருடைய கன்னம் அவன் பாதத்தில் பட்டது.

இசக்கி காலை இழுத்துக்கொண்டு அப்படியே தரையில் விழுந்தான். ஒரு தாயின் முகத்தில் காலை வைத்துவிட்ட பதற்றத்தில் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். மகன் இறந்ததிலிருந்து யார் முன்னாலும் அழாதிருந்த அந்த அம்மாளும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இவ்ளோதானா?" என்றார். "இவ்ளோ தூரந்தானா?"

அன்று அவர் அவனுக்குச் சோறு போட்டார். நீ நிறுத்தத்தான் செய்தாய், அவன்தான் வந்துவிட்டான் என்று இரண்டு மூன்று முறை சொன்னார். அது அவனுக்குச் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா என்று தெரியவில்லை. அடிபட்ட அன்று காலையிலேயே மகனை ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை என்று அவர் கேட்கவில்லை. அவரும்தான் கதவைச் சாத்தியிருந்தார். அந்தப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

இசக்கி பிறகு யாரோடும் மோதவில்லை. கன்ட்ரோல் என்பது தன் காலில் இருப்பதாகத்தான் அத்தனை வருஷமும் நம்பியிருந்தான். அதில் பாதி எதிரே நிற்கிறவனிடம் இருந்தது. அவன் விழித்திருந்து தன் இடத்தில் நின்றதால்தான் உதையும் நின்றது.

2014-இல் ஊரில் அவனுக்குக் கல்யாணம் ஆனது. அன்னக்கிளி என்று பெண்ணுக்குப் பெயர். சேரப்பணஞ்சேரிக்கே கூட்டிவந்தான். தூக்கத்தில் அவன் வலது கால் சில சமயம் வெடுக்கென்று உதறும். அவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். என்னவென்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த அம்மா இப்ப எங்க இருக்காவ?"

மண்ணூர் வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு படப்பையில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தான். இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் போனார்கள். ஷீபா கதவைத் திறந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டாள். ஜெபமணி அம்மாள் கேட்டுக்கே வந்தார். மெலிந்திருந்தார். அன்னக்கிளியின் நெற்றியில் சிலுவை போட்டு, அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, எந்த ஊர், எத்தனை பேர் கூடப் பிறந்தவர்கள் என்று விசாரித்தார். எத்தனை மாதம் என்று மெதுவாகக் கேட்டார். மூன்று என்றாள் அன்னக்கிளி.

பிறகு இசக்கியிடம் திரும்பினார்.

"நல்லா இருப்பா. உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இனிமே வராத. உன்ன பாத்தா அவன் பின்னாடியே வருவான்னு கண்ணு தெருவையே பாத்துக்கினு இருக்குது."

சரிம்மா என்றான் இசக்கி. அவர் கேட்டைச் சாத்தவில்லை, அங்கேயே நின்றார். இசக்கியும் அன்னக்கிளியும் மெயின் ரோடு வரைக்கும் நடந்தார்கள். ஆட்டோ வரத் தாமதமானது. அன்னக்கிளி முந்தானையைத் தலைக்கு மேல் பிடித்து, அவன் மேலும் கொஞ்சம் நிழல் விழும்படி நெருங்கி நின்றுகொண்டாள்.